அம்மாச்சியின் அம்மா எந்த ஊர்? தமிழகக் கிராமங்களில் தாய்வழி முன்னோரைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா வழியில் ஐந்து தலைமுறைப் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லும் வீடுகள் உண்டு. அதே வீட்டில் அம்மாவின் அம்மாவுக்கு அம்மா பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். என் வீட்டிலும் அப்படித்தான் நின்றது. அம்மாச்சி இறந்து பதினாறாம் நாள், அவருடைய அம்மா பெயரை யாரோ கேட்டார்கள். கூடியிருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் தேட ஆரம்பித்தேன்.

விவசாயக் குடும்பத்தில் அப்பா வழி ஒரே ஊரில், ஒரே பட்டாவில், ஒரே குலதெய்வத்தில் நிற்கும். அம்மா வழி அப்படியில்லை. நாற்றங்காலில் வளர்ந்ததைப் பிடுங்கி வேறு வயலில் நடுவதுபோல, தலைமுறைக்குத் தலைமுறை ஊர் மாறும், இனிஷியல் மாறும், கும்பிடும் சாமியும் மாறும். அதனால் தாய்வழியில் மூன்று தலைமுறை பின்னால் போவதென்றால் மூன்று ஊர்களில் மூன்று குடும்பங்களைத் தேடுவதாக அர்த்தம்.

தேட ஆரம்பிக்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காகிதங்களில் பெண் பெரும்பாலும் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்றுதான் இருப்பாள். ஆனால் அவளுடைய அண்ணன் தம்பிகள் பெயரோடும் ஊரோடும் இருப்பார்கள். தாய்மாமனைப் பிடித்தால் தாய்வழியைப் பிடித்துவிடலாம். கீழே சொல்லும் எல்லா வழிகளும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து சேரும்.

ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கம்

நோட்டு ஒன்று வாங்கி, அம்மாவில் தொடங்கி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மேலே அவர் பெயர். கீழே பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், அப்பா, அம்மா, கூடப் பிறந்த ஆண்கள், கூடப் பிறந்த பெண்கள் வாக்கப்பட்ட ஊர்கள், கணவர், பிள்ளைகள். பிறந்த ஊர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தின் மூலையை மடித்து வையுங்கள். உங்கள் அடுத்த வேலை அதுதான்.

பெயரை எழுதும்போது கவனம் வேண்டும். கிராமத்துப் பெண்ணுக்குக் குறைந்தது இரண்டு பெயர் இருக்கும். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஆகவே மாமியார் பெயரை வைத்த பிள்ளையை அம்மாவே பாப்பா, பெரியம்மா, தங்கம் என்று வேறு பெயரில்தான் கூப்பிடுவாள். சாகும்வரை அந்தக் கூப்பிடு பெயரே நிலைத்துப்போயிருக்கும். பத்திரத்தில் இருப்பதோ பாட்டியின் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரியாமல் பலர் இங்கேயே வழி தவறுகிறார்கள்.

இந்த வழக்கத்தால் ஒரு லாபமும் உண்டு. வீட்டின் மூத்த பேத்தியின் பத்திரப் பெயரைப் பார்த்தால், அது இரண்டு பாட்டிகளில் ஒருவருடைய பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். முடிவாக எடுத்துக்கொள்ளாமல், ஊகமாகப் பென்சிலில் குறித்து வையுங்கள்.

அப்புறம், வாக்கப்பட்டு வந்த பெண்ணைப் புகுந்த ஊரில் பிறந்த ஊரின் பெயராலேயே கூப்பிடுவார்கள். மேலூர்க்காரி, கீழக்குடியாள் என்று. சொந்தப் பெயர் மறந்துபோன கொள்ளுப்பாட்டிக்குக்கூட இந்த ஊர்ப்பெயர் மிச்சமிருக்கும். வயதானவர்களிடம் “அவுங்க பேரென்ன” என்று கேட்டுப் பதில் வராவிட்டால் “அவுங்கள ஊருல எப்படிக் கூப்பிடுவாக” என்று கேளுங்கள். பாதிப் பேருக்குப் பதில் வந்துவிடும்.

பெரியவர்களிடம் கேட்பது

காகிதம் ஐம்பது வருஷம் காத்திருக்கும். பெரியம்மா காத்திருக்க மாட்டார். அதனால் அலுவலகங்களுக்கு அலையுமுன் உயிரோடு இருக்கும் மூத்த பெண்களைப் போய்ப் பாருங்கள். அம்மாவின் பெரியம்மா, சின்னம்மா, அம்மாவின் அத்தை. மாமன்மாரின் மனைவிமாரை விட்டுவிடாதீர்கள். புகுந்த வீட்டின் கதையைப் பிறந்த மகளைவிட மருமகள்தான் நன்றாகக் கேட்டு வைத்திருப்பாள்.

எந்த வருஷம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். காந்தியைச் சுட்டபோது, அதாவது 1948 ஜனவரியில், பெரியவள் ஆகியிருந்தாயா? மேட்டூர் அணை கட்டி முடித்ததைப் பற்றி, அதாவது 1934ஐப் பற்றி, உன் அம்மா ஏதாவது சொல்வாளா? டெல்டாப் பக்கம் என்றால் 1952 நவம்பர் புயல். தென்கடற்கரை என்றால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். இன்னும் பின்னால் போனால் தாது வருஷப் பஞ்சம். ‘தாது வருஷத்தில் பிழைக்க வந்த குடும்பம்’ என்ற வாக்கியம் காதில் விழுந்தால் 1876-78 என்று எழுதிக்கொள்ளலாம். அந்தப் பஞ்சத்தில் ஊர்விட்டு ஊர் போன குடும்பங்கள் ஏராளம்.

தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ வருஷம் 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. ‘நந்தன வருஷத்துக் கல்யாணம்’ என்று யாராவது சொன்னால் அது 1892-93ஆகவோ 1952-53ஆகவோ இருக்கும். மணப்பெண் யார் என்று தெரிந்தால் எது என்று சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்தில் பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆனது. 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்தது. அதற்கு முன் அந்த வரம்பும் கிடையாது. ஆகவே தாய்வழியில் இரண்டு தலைமுறைக்கு நடுவே பதினேழு, பதினெட்டு வருஷ இடைவெளி வந்தால் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று பயப்படாதீர்கள்.

ஒப்பாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாய்க்காக மகள் வைக்கும் ஒப்பாரியில் பிறந்த ஊர் வரும், அண்ணன்மார் பெயர் வரும், கொண்டுவந்த சீர் வரும், எந்த ஆற்றைத் தாண்டி எந்த மேட்டில் வண்டி நின்றது என்பதும் வரும். நல்ல நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், மனம் நோவார்கள். “உங்க அம்மா சாவுல என்ன சொல்லி அழுதீங்க” என்று வயல் வரப்பிலோ திண்ணையிலோ மெதுவாகக் கேட்டால் சிலர் வரிகளைப் பேச்சாகச் சொல்வார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு போனில் பதிவு செய்யுங்கள். என் சின்ன அம்மாச்சி அப்படிச் சொன்ன நான்கு வரியில் இருந்த ஒரு கண்மாயின் பெயரை வைத்துத்தான் எங்கள் மூன்றாம் தலைமுறைப் பாட்டியின் ஊரைக் கண்டுபிடித்தேன். ஊர்ப்பெயர் யாருக்கும் நினைவில்லை. கண்மாய் மட்டும் பாட்டில் தங்கியிருந்தது.

டிரங்குப் பெட்டி

பழைய வீடுகளில் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். பத்திரங்களை எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பை என்று எரித்துவிடுவார்கள். அதற்கு முன் நீங்கள் போய்விட வேண்டும்.

கல்யாணப் பத்திரிகைகளைவிடக் காதுகுத்துப் பத்திரிகையும் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையும் நமக்குப் பெரிய உதவி. அவற்றில் தாய்மாமன்கள் பெயரும் ஊரும் தனியாக அச்சாகியிருக்கும். அம்மாவின் சடங்குப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் அம்மாச்சியின் சகோதரர்கள் அத்தனை பேரும் கிடைத்த மாதிரி.

அதைவிட நல்லது மொய் நோட்டு. நீளவாக்கில் தைத்த பேரேடு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். ஊர்வாரியாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். இன்ன ஊர், இன்னார், ரூபாய் இரண்டு, அரிசி ஒரு மரக்கால், தேங்காய் ஐந்து. தொகையின் அளவைப் பாருங்கள். எல்லோரும் ஒரு ரூபாய் எழுதியிருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் வேட்டி, சேலை, ஆடு, அரிசி மூட்டை என்று எழுதியிருந்தால் அவர் தாய்மாமன் முறைக்காரர். அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்தான் நீங்கள் தேடும் பிறந்த ஊர். வெவ்வேறு வருஷத்து மொய் நோட்டுகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மாமன் பெயர் போய் மகன் பெயர் வரும் வருஷத்திலிருந்து மாமன் எப்போது இறந்தார் என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

ஜாதக நோட்டில் பெற்றோர் பெயர், தமிழ் வருஷம், மாதம், தேதி, நட்சத்திரம் இருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

சார்பதிவாளர் அலுவலகம்

பொறுமை அதிகம் வேண்டிய இடம் இதுதான், பலனும் இங்கேதான் அதிகம். நிலம் இருந்த குடும்பத்தில் பெண்ணின் பெயர் பத்திரத்துக்கு வரும் சந்தர்ப்பங்கள் மூன்று.

முதலாவது சீர் நிலம். மஞ்சள் காணி என்று மகளுக்கு எழுதிவைத்த நிலம். தான செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிவாகியிருந்தால், அப்பா, மகள், மருமகன், இரண்டு ஊர் எல்லாமே ஒரே பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது விடுதலைப் பத்திரம். 1956ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு, அப்பாவின் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்றானது. உடனே பல வீடுகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? சகோதரிகளை வரவழைத்து, பங்கு வேண்டாம் என்று எழுதி வாங்கினார்கள். பெண்களுக்கு அது நஷ்டம். நெஞ்சு கனக்கத்தான் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பத்திரத்தில்தான் ஒரு தகப்பனின் எல்லா மகள்களும் வரிசையாக, கணவன் பெயரோடும் வாக்கப்பட்ட ஊரோடும், உத்தேச வயதோடும் இருப்பார்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் நாடு முழுவதற்கும் 2005 திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமையைப் பலப்படுத்தியதால், பிற்காலத்திலும் இப்படிப்பட்ட பத்திரங்கள் நிறைய உண்டு.

மூன்றாவது, கணவன் இறந்து மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாகத் தாய் கையெழுத்திட்ட கிரயமோ அடமானமோ. சின்ன வயதில் விதவையான பாட்டிகளின் சுவடு இங்கே இருக்கும்.

ஊர், சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். 1975க்குப் பிந்தைய பதிவுகளைப் பெரும்பாலும் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு மனுக் கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டி, அலுவலகத்தில் உள்ள புத்தகங்களில் தேட வேண்டும். சர்வே எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். சொத்து வாரியாக ஓர் அட்டவணை இருப்பதுபோல ஆட்கள் பெயர் வாரியாகவும் ஒன்று உண்டு. அசையாச் சொத்துக்கான ஒன்றாம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் உள்ள மூன்றாம் புத்தகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

பழைய பத்திரத்தின் மொழி முதலில் மிரட்டும். குமாரத்தி என்றால் மகள். பாரி, பாரியாள் என்றால் மனைவி. ஷை என்று இருந்தால் மேற்படி. ஒரே வாக்கியம் இரண்டு பக்கம் ஓடும். முதலில் முடிவைப் படியுங்கள். இடது பெருவிரல் ரேகை, அதன் பக்கத்தில் ‘இன்னாள் கைநாட்டு’, கீழே சாட்சிகள். பெண் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் சாட்சியாக நிற்பவர் பல நேரம் அவளுடைய உடன்பிறந்தவன். அவன் தகப்பன் பெயரும் எழுத்தாளர் கையால் அங்கே இருக்கும். எனக்கு ஒரு நகல் கைக்கு வந்தபோது, உள்ளே இருந்த எதையும்விட அந்தக் கருநீல ரேகையைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோவே இல்லாத ஒரு மனுஷியின் விரல் அது.

நிலப் பதிவேடுகள்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை இன்று இணையத்தில் பார்க்கலாம். ஆனால் அதில் இருப்பவர்கள் இப்போதைய ஆட்கள். 1979ல் தொடங்கிய யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் இறந்தவர்களின் பெயர்கள் பல இடங்களில் நீக்கப்பட்டு வாரிசுகளின் பெயர்கள் ஏறின. அதற்கு முந்தைய பெயர்கள் வேண்டுமென்றால் தாலுகா அலுவலகத்திலோ மாவட்ட ஆவண அறையிலோ பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை, மக்கள் வழக்கில் எஸ்எல்ஆர், ஆர்எஸ்ஆர் என்பதை, கேளுங்கள். அதில் நீங்கள் தேட வேண்டியது பாட்டியை அல்ல, பாட்டியின் தகப்பனையும் அண்ணனையும்.

அடங்கல் என்ற கிராமச் சாகுபடிக் கணக்கில் ஆண்டு பசலியில், அதாவது வருவாய்த்துறை ஆண்டில், இருக்கும். பசலியோடு 590 கூட்டுங்கள், அந்த ஆண்டு ஜூலையில் அது தொடங்குகிறது. பசலி 1361 என்றால் 1951 ஜூலை முதல் 1952 ஜூன் வரை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், அங்கே கொல்லம் ஆண்டு வரும். கொல்லம் 1101 என்பது 1925-26.

உங்கள் ஊர் ஜமீனில் இருந்ததா என்று பார்த்துவிடுங்கள். ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன் ஊர்களில் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்பு குடியானவர்களின் கணக்கு ஜமீனிடம் இருந்தது. அங்கே அரசு செட்டில்மென்ட் பதிவேடு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

பிறப்பும் இறப்பும்

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899லேயே சட்டம் வந்துவிட்டது. கிராம முன்சீப் எழுதினார். 1980ல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்ட பிறகு அந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. பழைய பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். பல பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது, பெயர் வைப்பதற்கு முன்பே எழுதியிருப்பார்கள். ‘பெண்’ என்று மட்டும் இருக்கும்.

தேடுபவர்கள் அடிக்கடி கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஆகவே மூத்த பிள்ளையின் பிறப்பு அப்பாவின் ஊர்ப் பதிவேட்டில் இருக்காது, அம்மாவின் பிறந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். உங்கள் அம்மாவோ அம்மாச்சியோ மூத்த பிள்ளையாக இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்.

வாக்காளர் பட்டியலையும் பாருங்கள். 2002, 2005 பட்டியல்கள் தேர்தல் துறையின் தளத்தில் இருக்கின்றன. வீட்டு எண், கணவன் அல்லது தகப்பன் பெயர், வயது தெரியும். முதல் பொதுத் தேர்தலின்போது, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் சொன்னதால் நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர்கள். ஆனாலும் நம் பாட்டிகளின் பெயர் எவ்வளவு எளிதாகக் காணாமல் போகும் என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நம் நாட்டில் ஆள்வாரியான படிவங்கள் ரகசியம், பொதுப் பார்வைக்கு வருவதில்லை. கிறிஸ்தவக் குடும்பமென்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய வரம். தாயின் பெயர் தனியாக இருக்கும், ஞானப் பெற்றோராகத் தாய்வழி உறவினர்கள் நின்றிருப்பார்கள்.

கடல் தாண்டிப் போனவர்கள்

குடும்பத்தில் ஒரு கிளை திடீரென்று அறுந்துவிட்டதா? சிலோன், மலேயா, பர்மா, தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரீஷியஸ் என்று யோசியுங்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 பேர் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், வயது, சாதி, உடல் அடையாளம் எல்லாம் உண்டு. பெண்கள் தனிப் பெயரோடு, தனி எண்ணோடு இருக்கிறார்கள். ஊரில் எந்தக் காகிதத்திலும் ஏறாத பெண், கப்பலில் ஏறியதால் பதிவானாள். மொரீஷியஸ் போனவர்களின் பதிவுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியில் போங்கள். ஊர், தாலுகா, காலம் மூன்றும் கையில் இல்லாமல் போனால் அந்தக் கடலில் தத்தளிப்பீர்கள். குடும்பத்துக்கு இனாம் நிலம், அதாவது வரிச் சலுகையோடு மானியமாகக் கிடைத்த நிலம், இருந்தது என்று பேச்சு இருந்தால், 1858ல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைக் கேட்கலாம்.

கிளை, கூட்டம், சாமி

சில சமூகங்களில் தாய்வழி எழுதாமலே காப்பாற்றப்பட்டிருக்கிறது. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை என்ற குலப்பிரிவு தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். அம்மாவின் கிளை தெரிந்தால் அவருடைய அம்மாவின் கிளையும் அதுவேதான். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் 1926ல் சட்டம் வந்து மாற்றும்வரை மருமக்கள் வழிச் சொத்துரிமை, அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை, இருந்தது. அங்கே தாய்வழியைச் சொத்து ஆவணங்களே நேராகக் காட்டும். கொங்குப் பகுதியில் கூட்டம் என்ற குலப்பிரிவு தகப்பன் வழியில் வருகிறது, ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் கிடையாது. ஆகவே அம்மாயியின் பிறந்த கூட்டத்தைக் கேட்டு, அந்தக் கூட்டத்தின் காணியூர்க் கோயிலுக்கு, அதாவது பூர்வீக ஊர்க் கோயிலுக்கு, போனால் அவர் தகப்பன் வீடு எந்தப் பக்கம் என்பதற்கு வழி கிடைக்கும்.

மற்றவர்களுக்கும் குலதெய்வம் நல்ல வழிகாட்டி. “அம்மாச்சி கல்யாணத்துக்கு முன்னாடி எந்தச் சாமிக்கு முடி எடுத்தாங்க” என்று கேளுங்கள். மாசி மகா சிவராத்திரி அன்று அந்தக் கோயிலுக்குப் போய் உட்காருங்கள். பங்காளிகள் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பது அன்றுதான். பூசாரியிடம் கோயில் வரி கொடுக்கும் வரிதாரர் பட்டியல் இருந்தால் பார்க்கக் கேளுங்கள்.

ஒரு முடிச்சு வரும், இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள். அக்காள் மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் சாதாரணமாக இருந்ததால் ஒரே ஆள் உங்கள் படத்தில் இரண்டு இடத்தில் வருவார். அம்மாவின் பாட்டியே அப்பாவின் அத்தையாகவும் இருப்பார். கிளை கிளையாக விரியும் மரம் வரைந்தால் குழம்பும். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் கொடுத்து, எங்கே வந்தாலும் அதே எண்ணைப் போடுங்கள்.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் வரும் என்பது உண்மை. ஆனால் அது காட்டுவது ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழங்கால வழியை, பாட்டியின் பெயரை அல்ல. உறவுக்குள்ளேயே கல்யாணம் நடந்த சமூகங்களில் தூரத்து உறவினர்கூட நெருங்கிய உறவாகத் தெரிவார்கள். பணத்தைப் பத்திர நகலுக்குச் செலவிடுங்கள் என்பேன்.

பிறந்த ஊருக்குப் போகும் நாள்

ஊர் தெரிந்துவிட்டது என்றால் வெறுங்கையோடு போகாதீர்கள். பழம், வெற்றிலை பாக்கு, கூடவே உங்கள் வீட்டுப் பழைய போட்டோக்களின் பிரதிகள். டீக்கடையில் பாட்டியின் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அண்ணன் பெயரைச் சொல்லி, “அவரு தங்கச்சிய இன்ன ஊருல குடுத்திருந்தாக, அந்த வகையறா” என்று கேளுங்கள். சொத்துக்காக வந்திருக்கிறோமோ என்ற பயம் அவர்களுக்கு இயல்பாக வரும். நிலத்தைப் பற்றி முதல் நாள் வாயே திறக்காதீர்கள். பெயர் கேட்க மட்டும் வந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் போன அன்று ஒரு முதியவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, “ஏத்தா, நம்ம அத்த வீட்டுப் பேரன் வந்திருக்காக, தண்ணி கொண்டா” என்றார். திண்ணையில் உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்தேன். மூலை மடித்திருந்த பக்கத்தில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.